காருக்கு விளக்கு எரிகிறது, வயலுக்கு யார் சொல்வது?

புதிய கார் வைத்திருப்பவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கும் பலகையை ஒருமுறை பாருங்கள். குதிரை லாடம் போன்ற ஒரு வடிவம், அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் அந்தக் குறி மஞ்சள் நிறத்தில் எரியும். சில கார்களில் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை எண்ணாகவே காட்டிவிடும். ஓட்டுபவர் இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை.

அதே வீட்டு வாசலில் நிற்கும் டிராக்டரைப் பாருங்கள். அதன் விலையும் ஒரு காரின் விலைதான். டீசல் அளவு, இன்ஜின் சூடு, ஆயில் அழுத்தம், ஓடிய மணி நேரம் எல்லாவற்றுக்கும் முள்ளோ விளக்கோ உண்டு. டயர் காற்றுக்கு மட்டும் எதுவும் இல்லை. ஓட்டுநர் காலால் ஓர் உதை விட்டுப் பார்ப்பார். "கல் மாதிரி இருக்கு" என்றால் திருப்தியாகக் கிளம்பிவிடுவார்.

அந்தக் கல் மாதிரியான டயரைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச வேண்டும். சாலைக்கு அது சரி. உங்கள் வயலுக்கு அது கெடுதல். அந்தக் கெடுதலுக்கான செலவு டிராக்டர்காரர் கணக்கில் அல்ல, உங்கள் கணக்கில்தான் ஏறுகிறது.

விளக்கு வந்த கதை

காரில் இந்த விளக்கு தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் டயர்கள், பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற வாகனத்தில் ஓடும்போதே மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2000 ஆகஸ்டில் அந்த நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. டயரின் தரம் ஒரு காரணம் என்றால், காற்று குறைவாக இருந்த டயர் வேகத்தில் சூடாவது இன்னொரு காரணமாகப் பேசப்பட்டது. அதே ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2007 செப்டம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி கட்டாயம் ஆனது. குறித்த அளவைவிடக் காற்று 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். இந்தியாவில் 2020-ல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. இந்தக் கருவியும் டியூப் இல்லாத டயரும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் காரில் ஸ்டெப்னி வைக்க வேண்டியதில்லை என்று விதி வந்தது.

கருவி இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, சக்கரத்துக்குள் வால்வோடு சேர்த்துப் பொருத்திய சிறிய உணர்கருவி. அது காற்றழுத்தத்தை அளந்து வானொலி அலை வழியாக ஓட்டுநருக்கு அனுப்பும். மற்றொன்று, பிரேக் அமைப்பில் ஏற்கெனவே இருக்கும் சக்கரச் சுழற்சிக் கணக்கைப் பயன்படுத்துவது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுச் சுருங்கும். அதனால் மற்ற மூன்றைவிட அது கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை வைத்தே எச்சரிக்கை தரும். டிராக்டருக்கு இரண்டாவது வழி ஒத்துவராது. வயலில் சக்கரம் வழுக்கிக்கொண்டேதான் சுற்றும் என்பதால் கணக்கு தவறிவிடும். முதல் வகைதான் பொருந்தும்.

இங்கேதான் ஒரு முக்கியமான வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். காரின் விளக்கு, காற்று குறைந்தால் எரிவதற்காகச் செய்யப்பட்டது. வயலில் நமக்குப் பெரும்பாலும் நேர் எதிரான சிக்கல். காற்று தேவைக்கு மேல் இருக்கிறது. அதைச் சொல்ல எந்த விளக்கும் இல்லை.

சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ?

ஒரு கணக்குப் போடுவோம். டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். டயரின் கட்டமைப்பு விறைப்பாக இருந்தால் சற்றுக் கூடும். மொத்தக் கணக்கு இதுதான். பஞ்சர் கடையில் சொல்லும் 14 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ.

45, 50 குதிரைத்திறன் டிராக்டர் ஏறக்குறைய 2 டன் எடை. அதில் பின் அச்சில் 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பின்சக்கரத்துக்கு 700 கிலோ. காற்று 14 பி.எஸ்.ஐ. இருந்தால், அந்த 700 கிலோவைத் தாங்க டயர் 700 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் பரவி உட்காரும். 28 பி.எஸ்.ஐ. அடித்தால் 350 சதுர சென்டிமீட்டர்தான் தரையைத் தொடும். எடை ஒன்றுதான், மிதிக்கும் பாதம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. மண்ணின் மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்கு. சேற்றில் பலகை போட்டு நடப்பதற்கும் ஒற்றைக்காலில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

நம் ஊர் டிராக்டர்களின் கையேடுகளில் பின் டயருக்கு வயல் வேலைக்கு 12 முதல் 16 பி.எஸ்.ஐ. என்ற அளவில்தான் பெரும்பாலும் குறித்திருப்பார்கள். முன் டயர் சிறியது என்பதால் அதற்கு இருமடங்கு அளவில் இருக்கும். டயரின் அளவையும் பாரத்தையும் பொறுத்து இது மாறும். ஆகவே உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே உங்களுக்கான எண். அந்தக் கையேட்டைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. காற்றழுத்தம் மேல்மண்ணைப் பாதிக்கிறது. மொத்தப் பாரம் அடிமண்ணைப் பாதிக்கிறது. மாட்டின் குளம்பும் மண்ணை அழுத்தத்தான் செய்யும். ஆனால் அதன் எடை குறைவு. அதனால் அந்த அழுத்தம் சில அங்குலத்திலேயே தேய்ந்துவிடும். பல டன் எடையுள்ள இயந்திரம் கொடுக்கும் அழுத்தம் ஒன்றரை அடிக்கும் கீழே இறங்கும். காற்றைக் குறைப்பது மேல்மண்ணைக் காப்பாற்றும். அடிமண்ணைக் காப்பாற்ற, ஈரத்தில் பாரத்தை இறக்காமல் இருப்பதுதான் வழி. இரண்டும் சேர்ந்துதான் மருந்து.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

நல்ல வயல்மண்ணில் ஏறக்குறைய பாதி இடம் வெற்றிடம். அந்தத் துளைகளில்தான் காற்றும் நீரும் இருக்கின்றன. டயர் அழுத்தும்போது முதலில் நசுங்குவது பெரிய துளைகள். மழைநீர் கீழே இறங்குவதும், வேர் மூச்சு விடுவதும் அந்தப் பெரிய துளைகள் வழியாகத்தான். அவை மூடினால் மழை பெய்தவுடன் தண்ணீர் மேலேயே தேங்கும். நான்கு நாள் வெயில் அடித்தால் பயிர் வாடும். வேர் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் திரும்பும். பருத்தி, துவரை, உளுந்து போன்ற ஆணிவேர்ப் பயிர்களைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் இறங்கிய வழியில் திடீரென்று முழங்கை மடக்கியதுபோல் வளைந்திருக்கும். அந்த வளைவு எந்த ஆழத்தில் இருக்கிறதோ, அந்த ஆழத்தில்தான் உங்கள் மண் இறுகியிருக்கிறது.

பயிருக்கு உரம் போட்டும் பச்சை ஏறவில்லை என்று பல விவசாயிகள் இன்னொரு மூட்டை போடுகிறார்கள். உரம் மேலேதான் இருக்கிறது, எடுக்க வேண்டிய வேர் வளர இடமில்லை. நம் மண் வள அட்டையில் 12 குணங்கள் அச்சிட்டு வருகின்றன. கார அமிலத் தன்மை முதல் போரான் வரை இருக்கிறது. மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது.

முதல்முறை சக்கரம் ஏறும்போதே பெரும்பகுதி இறுக்கம் நடந்து முடிந்துவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது முறை ஏறுவது அதோடு கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவுதான். வயல் முழுக்க எங்கு வேண்டுமானாலும் வண்டி ஓட்டுவதைவிட, ஏறிய தடத்திலேயே திரும்பத் திரும்ப ஓட்டுவது நல்லது என்பதற்கு இதுதான் காரணம்.

கரிசல் மண் காயும்போது வெடித்து, நனையும்போது உப்பி, தன்னைத்தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். செம்மண்ணுக்கு அந்த வசதி குறைவு. ஒருமுறை அடியில் இறுகினால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

நெல் வயலில் அடியில் ஒரு கெட்டித்தளம் இருப்பது நல்லதுதானே, தண்ணீர் நிற்குமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சேற்றுழவு செய்யும் நஞ்சையில் ஓரளவு கெட்டித்தளம் நெல்லுக்கு உதவும். ஆனால் அதே வயலில் அடுத்து உளுந்தோ, எள்ளோ, பருத்தியோ போடும்போது அந்தத் தளம் எதிரியாகிறது. ஒவ்வோர் ஆண்டும் கனமான இயந்திரங்கள் ஏறும்போது அது தடித்துக்கொண்டும் போகிறது.

டெல்டாவிலும் கரும்புத் தோட்டத்திலும்

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழெட்டு நாள், பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தோ பச்சைப்பயறோ விதைப்பது வழக்கம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். பயறு முளைக்க அதுவே சரியான பதம். மண் நசுங்கவும் அதுவே மிகச் 'சரியான' பதம். அந்த நேரத்தில்தான் அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்குகிறது.

டயர் வைத்த பெரிய அறுவடை இயந்திரம் 8 டன் அளவுக்கு எடை இருக்கும். தொட்டியில் நெல் நிறைந்தால் இன்னும் கூடும். அதில் பெரும்பகுதி முன் அச்சின் இரண்டு சக்கரங்கள்மேல்தான். பெல்ட் வகை இயந்திரம் 3 டன் அளவுதான். அந்த எடையும் இரண்டு நீண்ட பெல்ட்கள்மேல் பரவுவதால் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோகூட அழுத்தம் வராது. திரும்பும் இடத்தில் பெல்ட் மண்ணைக் கிழிக்கும் என்பது உண்மை. அது மேலோடு போய்விடும் காயம். டயர் வண்டி போட்டுச் செல்லும் பள்ளத்தில் பயறு முளைப்பதில்லை. தண்ணீர் நின்று அழுகுகிறது, அல்லது காய்ந்து பாளமாகிறது.

பெல்ட் வண்டிக்கு மணி வாடகை கூடுதல் என்பதால், தரை காய்ந்திருக்கிறதோ இல்லையோ டயர் வண்டியைக் கூப்பிடுகிறோம். மிச்சம் பிடித்த வாடகையையும், அந்தத் தடங்களில் முளைக்காமல் போன பயறையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். வயல் நன்றாகக் காய்ந்திருந்தால் டயர் வண்டி தாராளமாக வரட்டும். ஈரம் இருந்தால் வேண்டாம்.

கரும்பில் நிலைமை இன்னும் மோசம். கட்டைக் கரும்பு அடுத்த ஆண்டும் துளிர்க்க வேண்டிய வரிசைகளின் மேலேயே பாரம் ஏற்றிய டிரெய்லரும் லாரியும் ஏறி இறங்குகின்றன. லாரி டயரில் காற்று 100 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். வயல் வேலைக்கான டிராக்டர் டயரைப்போல் ஏழு மடங்கு. அதைத் தோட்டத்துக்குள் விட்டுவிட்டு, கட்டைக் கரும்பு ஏன் சரியாகக் கிளைக்கவில்லை என்று விதைக்கரணையைக் குறை சொல்லிப் பயனில்லை. லாரி பாதையிலேயே நிற்கட்டும். கரும்பை அங்கே கொண்டுவரும் கூலி, ஒரு மறுதாம்பு கெடுவதைவிடக் குறைவுதான்.

சக்கரம் சுற்றுகிறது, மீட்டரும் சுற்றுகிறது

மண்ணை விடுங்கள், கையிலிருந்து போகும் காசைப் பார்ப்போம். காற்று அதிகமான டயர் தரையில் சரியாகப் பிடிக்காது. அதன் மேடான பட்டன்களில் சிலவே மண்ணைத் தொடும். இழுவை குறையும், சக்கரம் வழுக்கும். உழவில் ஓரளவு வழுக்கல் தவிர்க்க முடியாதது. நூற்றுக்கு 10 முதல் 15 வரை என்றால் நல்ல நிலை. 25 என்றால் என்ன ஆகிறது?

சக்கரம் 100 சுற்று சுற்றினால் 12 வீணாகும் டிராக்டரில் 88 சுற்று வேலைக்குப் பயன்படுகிறது. 25 வீணாகும் டிராக்டரில் 75 மட்டுமே. முதல் வண்டி ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு இரண்டாவது வண்டிக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். வாடகை மணிக்கணக்கில்தானே? அந்தப் பத்து நிமிடம் உங்கள் பணம். சொந்த வண்டி என்றால் உங்கள் டீசல், உங்கள் டயர்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு வயலில் 10 சுற்று ஓட்டச் சொல்லி, எவ்வளவு தூரம் போனது என்று நாடா பிடித்து அளங்கள். பிறகு உழுதுகொண்டே 10 சுற்று. முதல் தடவை 40 மீட்டர், இரண்டாம் தடவை 34 மீட்டர் என்றால் 6 மீட்டர் குறைவு. அதாவது வழுக்கல் 15 சதவீதம். 30 மீட்டர்தான் என்றால் 25 சதவீதம். காரணம் காற்று மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். தேய்ந்த டயர், குறைவான எடை, அதிக ஈரம், வண்டிக்குப் பொருந்தாத கலப்பை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அவற்றில் செலவே இல்லாமல் உடனே சரிசெய்யக்கூடியது காற்று ஒன்றுதான்.

ஓட்டுநர் பக்கத்து நியாயம்

வாடகை டிராக்டர் ஓட்டுபவர் காற்றை அதிகமாக வைப்பதில் அவருக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. காலையில் ஒரு ஊர், மாலையில் ஒரு ஊர். நடுவே தார்ச்சாலை. இடையில் யாராவது செங்கல், மணல், நெல்மூட்டை என்று டிரெய்லர் மாட்டச் சொல்வார்கள். காற்று குறைவாக வைத்துப் பாரம் ஏற்றினால் டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடாகி வெடிக்கும். இன்னும் குறைந்தால் வளையத்தின்மேல் டயர் நழுவி டியூப் வால்வு பிய்ந்துவிடும். ஒரு பின் டயரின் விலை அவருக்குத்தான் தெரியும். சாலைக்கு ஏற்ற காற்றை அடித்துவிட்டு அப்படியே வயலுக்குள்ளும் இறங்குகிறார். டயர் அவருடையது, மண் உங்களுடையது. அவரவர் சொத்தை அவரவர் பார்த்துக்கொள்கிறார்கள். இதில் தப்பு யார்மேல் என்பதைவிட, ஏற்பாடு அப்படி அமைந்திருக்கிறது என்பதே உண்மை.

மேலை நாடுகளில் இந்த முடிச்சை அவிழ்க்க வண்டியிலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள். இருக்கையில் இருந்தபடியே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இது இன்று நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் டக் என்ற நீரிலும் நிலத்திலும் ஓடும் லாரியிலேயே இது இருந்தது. கடற்கரை மணலில் காற்றைக் குறைத்து, சாலை ஏறியதும் கூட்டிக்கொள்வார்கள். இப்போது ஜெர்மனியின் ஃபென்ட் போன்ற நிறுவனங்கள் டிராக்டரிலேயே இதைப் பொருத்தித் தருகின்றன. அந்த வண்டிகளின் விலை நமக்கு எட்டாது. ஆனால் அதன் பின்னால் உள்ள எண்ணம் எட்டாத ஒன்றல்ல. சாலைக்கு ஒரு காற்று, வயலுக்கு ஒரு காற்று.

நீங்கள் செய்யக்கூடியது

முதலில், சொந்தமாக ஒரு காற்றழுத்தமானி வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். லாரிக்கான மானி வேண்டாம். அதில் 12-க்கும் 18-க்கும் வித்தியாசம் தெரியாது. குறைந்த அழுத்தத்தைத் தெளிவாகக் காட்டும் மானி வேண்டும். டிராக்டர் இல்லாதவர்களும் வாங்குங்கள். உங்கள் வயலில் இறங்கும் வண்டியை அளந்து பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

அளப்பதைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் செய்யுங்கள். ஓடிய டயர் சூடாகி அழுத்தம் கூடுதலாகக் காட்டும். சூட்டில் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறியபின் குறைந்துபோகும். டயரில் தண்ணீர் பிடித்திருந்தால் வால்வு மேலே வரும்படி சக்கரத்தை நிறுத்தி அளக்க வேண்டும். அளந்தபின் மானியைக் கழுவித் துடைத்து வையுங்கள். பின் டயர் ஒன்றில் முக்கால் பங்கு தண்ணீர் பிடித்தால் ஏறக்குறைய 200 லிட்டர், அதாவது 200 கிலோ சேரும். ஐந்து கலப்பை கொண்டு கடின மண்ணை உழும்போது அந்த எடை உதவும். சேற்றில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது அது வெறும் சுமை.

ஒவ்வொரு முறையும் காற்றை மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். உழவுக் காலம் என்றால் வயல் காற்று. அறுவடை முடிந்து பாரம் இழுக்கும் காலம் என்றால் சாலைக் காற்று. இறக்குவதற்குச் சில நிமிடம் போதும். ஏற்றத்தான் பஞ்சர் கடைக்குப் போக வேண்டும். ஏற்றும்போது டயருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். பாரத்தோடு நிற்கும் டயரின் பக்கச் சுவரில் குறுக்காகச் சுருக்கம் விழுந்தால், காற்று போதவில்லை என்று பொருள்.

வண்டியை இறக்கும் முன் மண்ணைக் கேளுங்கள். நான்கு அங்குல ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். மெல்லிய திரியாக நீண்டால் ஈரம் அதிகம், வண்டி வேண்டாம். உருட்டும்போதே உதிர்ந்தால் ஓட்டலாம்.

ஏற்கெனவே இறுகிவிட்டதா என்று பார்க்க, நுனி கூரான ஓர் இரும்புக் கம்பி போதும். நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து வயலில் பல இடங்களில் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் கம்பி முரண்டு பிடித்தால் அங்கே கடினப் படலம் இருக்கிறது. அப்படியானால் உளிக் கலப்பைதான் வழி. அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு குறுக்காகவும், அரை மீட்டர் ஆழம் வரை, மண் காய்ந்திருக்கும்போது உழ வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். கூடவே ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம். ஆனால் உளிக் கலப்பை போட்ட அடுத்த பருவமே கல் மாதிரி டயரோடு வண்டியை இறக்கினால், செய்த செலவு மறுபடியும் மண்ணுக்குள் புதைந்துபோகும்.

வாடகை பேசும்போது வாடகையை மட்டும் பேசாதீர்கள். "அண்ணே, வயல்ல இறங்கும்போது பின் டயர்ல எவ்வளவு காத்து?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் கேட்கும் முன்பே அவர் சரிசெய்து வைத்திருப்பார்.

அரசும் துறையும் செய்ய வேண்டியது

டிராக்டருக்கும் காரைப்போல் இந்தக் கருவியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் இப்போது கேட்க மாட்டேன். விலைதான் கூடும். காற்று குறைந்தால் மட்டும் எரியும் விளக்கை அப்படியே டிராக்டரில் கொண்டுவந்து மாட்டினால், வயலுக்கு அதனால் பாதிப் பயன்கூட இல்லை. வேண்டியது வேறு.

டிராக்டர் நிறுவனங்கள் எந்த வேலைக்கு எவ்வளவு காற்று என்பதைத் தமிழில் ஒரு சிறு பட்டியலாக மட்கார்டிலேயே ஒட்டித் தர வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு ஸ்டிக்கர். அரசு மானியத்தில் டிராக்டர் தரும்போது கூடவே ஒரு மானியையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லலாம்.

வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டர்கள் இதில் முன்னால் நிற்க வேண்டும். அவை அரசின் வண்டிகள். அவற்றில் காற்றழுத்த உணர்கருவியைப் பொருத்தி, வயலில் இறங்கும்போது காற்று எவ்வளவு இருந்தது என்பதை வாடகை ரசீதிலேயே எழுதிக் கொடுக்கலாம். மானியம் பெறும் தனியார் வாடகை மையங்களுக்கும் அதே நிபந்தனை வைக்கலாம். வாங்கும் கருவி 10 முதல் 20 பி.எஸ்.ஐ. வரையிலான குறைந்த அளவைத் துல்லியமாக அளக்க வேண்டும். தண்ணீர் பிடித்த டயரிலும் வேலை செய்ய வேண்டும். முக்கியமாக, காற்று கூடினாலும் எச்சரிக்க வேண்டும். இந்த மூன்றையும் கேட்காமல் கார் கருவியை வாங்கி மாட்டினால் காசு வீண்.

களப்பணியில் இருக்கும் விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண் மாதிரி எடுக்கப் போகும்போது பையில் ஒரு கூரான கம்பியும் ஒரு மானியும் இருக்கட்டும். பயிற்சிக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுவதைவிட, களத்தில் நிற்கும் ஒரு டிராக்டரின் டயரை எல்லோர் முன்னாலும் அளந்து, கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டினால் போதும். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது.

அகல உழுவதைவிட ஆழ உழு என்றார்கள் நம் முன்னோர். மாடு பூட்டிய காலத்துச் சொல் அது. இன்று ஆழ உழுவதற்கு நம்மிடம் இயந்திரம் இருக்கிறது. அதே இயந்திரம் உழுத ஆழத்துக்குக் கீழே மண்ணைக் கெட்டிப்படுத்திக்கொண்டும் போகிறது. அடுத்த முறை உங்கள் வயலில் ஒரு வண்டி இறங்கும் முன், வரப்பில் நிறுத்தி டயரை அளந்து பாருங்கள். அதிகமாக இருந்தால் கையேட்டு அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். வயலுக்கு விளக்கு வரும் வரை அந்த வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.